மக்கிப்போன டிரான்சத்தை அழுகாத பலகை வைத்துக் கட்டும் முறை

அவுட்போர்டு எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டிரான்சத்தின், அதாவது எஞ்சினைத் தாங்கும் படகின் பின்சுவரின், மேல்விளிம்பும் கூடவே அசைகிறதா? போல்ட்டைச் சுற்றி ஜெல்கோட்டில் (பைபரின் மேல்பூச்சு) மயிரிழை விரிசல் ஓடுகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும், வெளியும் உள்ளுமான இரண்டு பைபர் தோலுக்கு நடுவில் இருக்கும் பிளைவுட்டைச் சந்தேகப்பட வேண்டும். படகின் உள்பக்கத்திலிருந்து 5 மி.மீ. டிரில்லால் நாலைந்து இடத்தில் துளை போடுங்கள். வெளித்தோலைத் தொட வேண்டாம். நல்ல பிளைவுட் என்றால் வெளிர் நிறத் தூள் காய்ந்து உதிரும். மக்கியது கறுத்த ஈரக்கூழாக, புளித்த வாடையோடு டிரில்லைச் சுற்றிக்கொண்டு வரும். சில படகுகளில் துளை வழியே தேயிலைச் சாயம்போலத் தண்ணீரே ஒழுகும்.

பழியைப் பிளைவுட் மேல் போடுவது வழக்கம். ஆனால் தண்ணீர் புகுந்த வழி அநேகமாகத் துளைதான்: அடியில் இருக்கும் வடிகால் ஓட்டை, எஞ்சின் போல்ட், பிற்பாடு யாரோ அடித்த ஸ்க்ரூ. வெறும் மரத்தைத் துளைத்து, சிலிகான் தடவி, போல்ட்டை முறுக்கிவிட்டால் உப்புத்தண்ணீர் சும்மா இருக்காது. அழுகாத பலகை வைத்தாலும் இந்தத் தவறைத் திரும்பச் செய்தால், தண்ணீர் ஒட்டுப் பகுதியில் தங்கித் தோலைப் பிரித்துவிடும்.

எந்தப் பலகை வைப்பது? கண்ணாடி இழை போட்டு இறுக்கிய பாலியூரித்தேன் ஃபோம் போர்டுதான் எங்கள் முதல் தேர்வு. கூசா ப்ளூவாட்டர் 26 இந்த வகை. கன மீட்டருக்குச் சுமார் 416 கிலோ. மரைன் பிளைவுட் 600-க்கு மேல் போகும். ஹல்லுக்கு (படகின் உடல்) போடும் கன மீட்டருக்கு 80 கிலோ பி.வி.சி. ஃபோமை இங்கே வைக்கவே கூடாது. எஞ்சின் கிளாம்ப் முறுக்கும்போதே நசுங்கிவிடும். போர்டு கிடைக்காத ஊரில் ஐ.எஸ். 710 (இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை எல்லா விளிம்பையும் ரெசினால் அடைத்து வைத்தால் அதுவும் பல வருடம் உழைக்கும்.

வெட்டுவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். பழைய டிரான்சத்தின் மொத்தக் கனம், எஞ்சின் கிளாம்ப் எவ்வளவு விரியும் என்பது, மேல்விளிம்பிலிருந்து அடிவரை உயரம். ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைக் கால்) எஞ்சினுக்கு 15 அங்குலம், லாங் ஷாஃப்ட் (நீளக் கால்) எஞ்சினுக்கு 20 அங்குலம் உயரம் வேண்டும். 5 மி.மீ. வெளித்தோல், 19 மி.மீ. போர்டு இரண்டு, ஒட்டும் மேட் (கண்ணாடி இழை விரிப்பு), 6 மி.மீ. உள்தோல் எல்லாம் சேர்ந்தால் 51 மி.மீ. வரும். கிளாம்ப் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் ஒரு போர்டின் கனத்தைக் குறைக்க வேண்டும்.

1.5 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரமுள்ள டிரான்சத்துக்கு 8-க்கு 4 அடி போர்டு ஒன்று, சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் 4 கிலோ, 600 கிராம் உள்ள ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) 3 கிலோ, ரெசின் 18 கிலோ வாங்குங்கள். மேட் தன் எடையைப்போல இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ரோவிங்குக்குச் சரிக்குச் சரி போதும். பழைய பைபர் மேல் ஒட்ட வைனைல்எஸ்டர் ரெசின்தான் நல்லது. அதற்கு அடுத்து ஐசோ பாலியஸ்டர்.

படகைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, இரண்டு பக்கச் சுவரையும் குறுக்குக் கட்டையால் பூட்டுங்கள். டிரான்சம் திறந்ததும் ஹல் விரிந்துகொள்ளும். பிறகு உள்தோலை மட்டும் வெட்டி எடுங்கள். சுற்றிலும் 50 மி.மீ. விளிம்பு நிற்கட்டும். மக்கிய மரத்தை உளியால் பெயர்த்துவிடலாம். மூலையில் கெட்டியாக ஒட்டியிருக்கும் துண்டுகள்தான் பாதி வேலையைத் தின்னும், அவசரப்பட்டால் கிரைண்டர் வெளித்தோலையும் தின்றுவிடும். முதலில் அசிட்டோனால் துடைத்து, அப்புறம் 40 நம்பர் பேப்பரால் தேயுங்கள். மெழுகு இருக்கும்போதே தேய்த்தால் அது பைபருக்குள் ஏறிவிடும். பளபளப்பு எங்கும் மிஞ்சக் கூடாது. தூசி முகமூடி கட்டாயம்.

அட்டையில் மாதிரி வெட்டி, போர்டைச் சுற்றிலும் 6 மி.மீ. சின்னதாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் கட்டத்தில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. வெளித்தோலுக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ளங்கையளவு காற்று தங்கினாலும் பின்னாளில் அங்கேதான் பிரியும். போர்டில் 150 மி.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. காற்றுத் துளை போடுங்கள். போர்டின் முகத்திலும் தோலிலும் ரெசின் பூசுங்கள். ஃபோம் முகம் அதை உறிஞ்சும், காய்ந்த இடத்தில் மறுபடி பூசுங்கள். தோல் மேல் நனைந்த மேட் ஒன்று, அதன்மேல் பல் கரண்டியால் பட்டி (தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசின்). போர்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போங்கள். எல்லாத் துளையிலும் பட்டி புழுப்போல நெளிந்து வெளியே வர வேண்டும். வராத துளைக்கு அடியில் வெற்றிடம். வெளியே நேரான இரும்புக் குழாய் வைத்துக் கிளாம்ப் போடாவிட்டால் மெல்லிய தோல் வளைந்து அப்படியே இறுகிவிடும். இரண்டாவது போர்டும் இதே முறைதான்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர். வெயில் நாளில் ரெசின் கிலோவுக்கு ஹார்டனர் 10 மி.லி. போதும், அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் சரியாக இறுகாது. ஒரு தடவைக்கு ஒரு கிலோ மட்டும் கலக்குங்கள்.

ஓரத்து இடைவெளியைப் பட்டியால் அடைத்து, மூலையில் 25 மி.மீ. வளைவு கொடுங்கள். கூர்மூலையில் ரோவிங் படியாது, அடியில் காற்று நிற்கும். பிறகு நாலு மேட், நடுநடுவே மூன்று ரோவிங். ஒவ்வொன்றும் ஹல்லின் அடியிலும் பக்கத்திலும் ஏற வேண்டும்: முதலாவது 100 மி.மீ., போகப்போக 200 வரை. எஞ்சின் தள்ளும் விசையை ஹல்லுக்குக் கொண்டுபோவது இந்தப் பட்டைதான். நல்ல பலகை வைத்து இதில் கஞ்சத்தனம் செய்த டிரான்சம் ஓரத்தில் கிழிந்து வரும். ஒரே மூச்சில் மூன்று அடுக்குக்கு மேல் போடாதீர்கள், சூடேறி வெந்துவிடும். மேல்விளிம்பையும் பைபரால் மூடுங்கள்.

கடைசியாகத் துளை. 12 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை போட்டு, கண்ணாடி இழைத்தூள் கலந்த கெட்டியான எப்பாக்ஸியை சிரிஞ்சால் இரண்டு தவணையாக நிரப்புங்கள். மறுநாள் அதன் நடுவில் 12.5 மி.மீ. துளையுங்கள். இப்போது போல்ட் அழுத்துவது போர்டை அல்ல, திட எப்பாக்ஸியை. தண்ணீருக்கும் உள்ளே வழியில்லை. வடிகால் ஓட்டைக்கும் இதையே செய்யுங்கள். போல்ட்டுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளே அகலமான பிளேட், பாலியூரித்தேன் சீலண்ட். முதலில் கையிறுக்கமாக முறுக்கி, சீலண்ட் காய்ந்தபின் முழுசாக முறுக்குங்கள். முதல் இரண்டு முறை கடலுக்குப் போய்வந்ததும் நட்டுகளை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள்.