பாடக்குறிப்பு எழுத எந்த ஆப் எடுக்கலாம்?

முதல்ல ஆப்ப தேடாதீங்க, உங்க பாடக்குறிப்பு எப்படி இருக்குன்னு பாருங்க. வகுப்பு, பாடம், இயல்னு அடுக்கி வச்சு பழக்கம்னா மைக்ரோசாஃப்டோட ஒன்நோட் ஆப் சரியா வரும், நோட்புக், செக்‌ஷன், பேஜ்னு அதுவும் அப்படித்தான் பிரியும், படம் பிடிஎஃப் எல்லாம் பக்கத்துலயே ஒட்டிக்கலாம், இலவசம்தான், ஆனா குறிப்பெல்லாம் ஆன்லைன்ல சேமிக்கிற ஒன்டிரைவ்ல ஃப்ரீயா 5 ஜிபி இடம் தான் இருக்கு, வீடியோவ அதுல ஏத்தாதீங்க.

ஸ்கூல்ல நெட் சரியா வராதா? அப்சிடியன்னு ஒரு குறிப்பு ஆப் இருக்கு, அத போடுங்க. எல்லாமே உங்க கம்ப்யூட்டர்லயே ஒரு ஃபோல்டர்ல சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா இருக்கும், பென்டிரைவ்ல காப்பி பண்ணா பேக்கப் முடிஞ்சுது, நாளைக்கு அந்த ஆப்பே இல்லாம போனாலும் நோட்பேட்ல திறந்து படிக்கலாம். எனக்கு இதுதான் பெருசா படுது, ஏன்னா முன்னாடி ஒரு ஆப்ல ஒரு வருஷக் குறிப்ப வெளிய எடுக்க முடியாம அப்படியே இழந்தேன்.

எதுவா இருந்தாலும் ஒரு வாரப் பாடத்த மட்டும் அதுல எழுதி, தமிழ்ல தேடிப் பாருங்க. ஔவையார்னு தேடினா வரலையா, ஆப்ப குறை சொல்றதுக்கு முன்னாடி ஔ எழுத்த எப்படி டைப் பண்ணீங்கன்னு பாருங்க, ஒ போட்டு பக்கத்துல ள போட்டிருந்தா கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும், தேடினா கிடைக்காது.