ஆட்டுத்தோலை வீட்டிலேயே பதப்படுத்தப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பக்ரீத் சமயத்தில் சென்னை வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் யாராவது ஒருவர் குர்பானி ஆட்டுத்தோலை மொட்டை மாடி வெயிலில் விரித்துப் போட்டிருப்பார். அந்தத் தோல் போச்சு. மேல்பக்கம் விறைத்துக்கொள்ளும், உள்ளே ஈரம் நின்று அழுகும், அப்புறம் ஊறவைத்தால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். நம் ஊர் வெக்கையில் உரித்த சில மணி நேரத்துக்குள் உப்புப் போட்டாக வேண்டும். ஒட்டியிருக்கிற சதை, கொழுப்பையெல்லாம் வழித்துவிட்டு, தோல் எடையில் சுமார் 40 சதவீதம், அதாவது 2 கிலோ தோலுக்கு 800 கிராம் உப்பை ஓரம் வரைக்கும் தேய்த்து, நீர் வடிகிற மாதிரி நிழலில் சாய்வாகப் போடுங்கள். ஒரு கைப்பிடி தூவி பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் நாற்றம்தான் மிச்சம்.

அடுத்தது படிகாரம். முடியோடு விரிப்பாகப் போட்டுக்கொள்ள படிகாரமும் உப்பும் போதும், வெள்ளையாக மெத்தென்று வரும். ஆனால் தண்ணீரில் நனைந்தால் படிகாரம் கரைந்து போய் பழையபடி பச்சைத்தோல்தான், அதனால் செருப்பு, பைக்கெல்லாம் அது ஆகாது. அதற்கு ஆவாரம்பட்டை, கடுக்காய், கூடவே வாரக்கணக்கில் பொறுமை. முதல் நாளே கெட்டிக் கஷாயத்தில் முக்கினால் மேலே மட்டும் இறுகி நடுவில் பச்சையாகவே நிற்கும்; நீர்க்கத் தொடங்கி மெல்ல மெல்லக் கெட்டியாக்க வேண்டும். இரும்பு வாளி வேண்டவே வேண்டாம், துவர்ப்பு இரும்போடு சேர்ந்து தோலெல்லாம் நீலக்கறுப்புக் கறையாகிவிடும்.

டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், போடுகிறார்களே என்று முடி எடுக்க சோடியம் சல்ஃபைடு வாங்கி வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதில் அமிலம் பட்டால் வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளையே கொல்லும். கழிவை எங்கே ஊற்றுவீர்கள், ஓட்டேரி நல்லா கால்வாயிலா? சுத்திகரிப்பு இல்லாத டேனரிகளை மூடச் சொல்லி 1996-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

சரி, டேனரிக்கே கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் ஒற்றைத் தோலோடு நேரே போய் நிற்காதீர்கள். அங்கே ஏகப்பட்ட தோல்கள் ஒரே டிரம்மில் சுழலும். எடுத்துக்கொள்வார்களா, உங்கள் தோலே திரும்பி வருமா, எப்படி அடையாளம் வைப்பார்கள் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பை தைக்கத் தோல் வேண்டும், அவ்வளவுதான் என்றால் பெரியமேட்டில் பதனிட்ட தோலாகவே வாங்கிவிடலாம். என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம்.

டோலக்குக்கா தோல்? அப்படியானால் பதனிடவே கூடாது. முடி எடுத்த பச்சைத்தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்தால்தான் 'டங்'கென்று பேசும். பதனிட்டதைக் கொண்டுபோனால் மேளம் கட்டுகிறவரே திருப்பி அனுப்பிவிடுவார்.