கடைக்கு இன்ஷூரன்ஸ், நமக்கு பென்ஷன்: கையெழுத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது

2023 டிசம்பர்ல தூத்துக்குடி பக்கம் கொட்டுன மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க மச்சானுக்கு அந்தப் பக்கம்தான் மளிகை மொத்த வியாபாரம், குடோன்ல இடுப்பளவு தண்ணி நின்னு அரிசி பருப்பு மூட்டை பூரா ஊறி நாறிப்போச்சு. இன்ஷூரன்ஸ் இருந்துச்சுங்க. ஆனா பாலிசில கடை அட்ரஸ் மட்டும்தான், குடோன் அடுத்த தெரு. ஒத்தப் பைசா வரல. லோன் குடுத்த பேங்க்ல அவங்களே போட்டு விட்ட பாலிசி, இவரு ஒரு தடவகூட பிரிச்சுப் பாக்கல.

அதனால மொதல்ல அட்ரஸ். கடை, குடோன், வீட்டு மாடில அடுக்கி வச்ச சரக்கு, எல்லா இடமும் எழுத்துல இருக்கணும்.

அடுத்தது தொகை, இங்கதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. கடைல 40 லட்சம் சரக்கு இருக்கு, பிரீமியம் மிச்சம்னு 20 லட்சத்துக்குப் போடுறீங்க, நஷ்டம் 8 லட்சம். 20க்குள்ள தானே இருக்கு முழுசா வரும்னு நெனப்போம், வராது. பாதிக்குத்தான் போட்டிருக்கீங்க அதனால நஷ்டத்துலயும் பாதி, 4 லட்சம்தான். பாலிசில இருக்குற இந்த விதிக்குப் பேரு ஆவரேஜ் கிளாஸ் (average clause). 2021 ஏப்ரல்லருந்து சின்ன வியாபாரிகளுக்குன்னு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு ஒரு பாலிசி இருக்கு, ஒரு இடத்துல கட்டடம் சரக்கு மெஷின் எல்லாம் சேத்து 5 கோடி வரைக்கும், அதுல 15 சதவீதம் வரை கம்மியா போட்டிருந்தா இப்படி வெட்ட மாட்டாங்க, புயல் வெள்ளமும் உள்ளயே வருது. எப்பவும் தீபாவளி நேரத்து ஸ்டாக்க மனசுல வச்சு தொகை போடுங்க, அதுவும் வாங்குன வெலையில, லாபம் சேக்காம.

திருட்டுக்கு தனியா பர்க்லரி பாலிசி எடுக்கணும். அதுலயும் பூட்ட ஒடச்சு வந்தாத்தான் காசு. கடைப் பையனே கல்லால கை வச்சா அதுக்கு ஃபிடிலிட்டி கவர்னு இன்னொன்னு (எல்லாத்துக்கும் தனித்தனியா ரசீது போடுறாங்க, என்ன பண்றது).

பிரீமியத்த ஏஜென்ட்டோட சொந்த ஜிபேக்கு அனுப்பாதீங்க. பணம் கம்பெனி கைக்குப் போற வரைக்கும் அவங்க மேல பொறுப்பு கெடையாது, 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்துல 64விபி பிரிவு இதத்தான் சொல்லுது. கிளைம் மறுத்துட்டா கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல சரியா பதில் வரலன்னா சென்னைல இருக்குற இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்ஷூரன்ஸ் புகார விசாரிக்கிற அதிகாரி கிட்ட போகலாம், தனி ஆள் நடத்துற கடையும் போகலாம், 50 லட்சம் வரைக்கும் பாப்பாங்க, ஃபீஸ் கெடையாது.

சரி, பென்ஷன். நமக்கு பிஎஃப் கெடையாது, அதனால வயசான காலத்துல கடைய வித்த காச மொத்தமா ஒரு ஆன்யுட்டில போட்ருங்கன்னு ஆள் வருவாங்க, அதாவது மொத்தப் பணத்த கம்பெனி வாங்கிட்டு சாகுற வரைக்கும் பென்ஷனா குடுக்குற பிளான். அவசரப்படாதீங்க. அன்னைக்கு எழுதுன தொகைதான் பெரும்பாலான பிளான்ல சாகுற வரைக்கும், அரிசி வெல ஏறுனாலும் அது ஏறாது, வர்ற பென்ஷனுக்கு வருமான வரியும் உண்டு. நடுவுல காச உருவுறதும் கஷ்டம். சரல் பென்ஷன்னு எல்லா கம்பெனியும் ஒரே அமைப்புல விக்கிற பிளான்லகூட ஆறு மாசம் கழிச்சு, அதுவும் அவங்க பட்டியல்ல இருக்குற பெரிய நோய் வந்தாத்தான் 95 சதவீதம் திரும்ப வரும். ஆனா அந்த பிளான்ல ஒரு நல்லது, அமைப்பு ஒன்னுங்கறதால நாலு கம்பெனில மாசம் எவ்வளவு தருவீங்கன்னு மட்டும் கேட்டா போதும்.

நான் சொல்றது, 60 தாண்டுனவங்க மொதல்ல போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துல 30 லட்சம் வரை போடுங்க, 2023 ஏப்ரல்லருந்து 8.2 சதவீதம் தர்றாங்க, அஞ்சு வருஷம். ஆன்யுட்டி கொஞ்சம் வயசு ஏற ஏற ரேட்டும் ஏறும், அதனால 65ல கொஞ்சம் 70ல கொஞ்சம்னு பிரிச்சு எடுக்கலாம். வீட்டம்மா பேர சேத்து ஜாயின்ட்டா எடுங்க, நமக்கப்புறம் அவங்களுக்கும் பென்ஷன் வரும், மாசத்துக்கு கொஞ்சம் கொறையும், கொறஞ்சா கொறையட்டும். பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் டைம் இருக்கு, புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம், அந்த 30 நாள்ல ஒரு நாளாவது உக்காந்து படிங்க, ஏஜென்ட் பக்கத்துல இல்லாதப்ப.