மாருதி 800 எஞ்சினில் கம்ப்ரஷன் ரேஷியோவை உயர்த்துவது எப்படி, அதற்கு எந்தப் பெட்ரோல் வேண்டும்?

கார்ப்பரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருக்கும் பலருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கொஞ்சம் சீவிவிட்டால் வண்டி பறக்கும். பறக்காது. கம்ப்ரஷன் ரேஷியோ என்பது சிலிண்டருக்குள் வரும் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற கணக்கு. இந்த எஞ்சினின் 8.7 என்ற ரேஷியோவை 9.2 ஆக்கினால் ஏட்டுக் கணக்கில் வெப்பத் திறன் 1.6 சதவீதம்தான் கூடும். சாலையில் அதைவிடக் குறைவு. கீழ் ஆர்.பி.எம்.மில் கொஞ்சம் துடிப்பு தெரியும், அவ்வளவே. அதனால் கேஸ்கெட் போய்விட்டது, வால்வு வேலை வந்துவிட்டது என்று எப்படியும் ஹெட்டைக் கழற்றியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இதற்கென்றே ஓடுகிற எஞ்சினைப் பிரிக்காதீர்கள்.

ஆனால் பழக இதைவிட நல்ல எஞ்சின் கிடையாது. கோவையில் கார்ப் பந்தய வீரர் கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியது இந்த 796 சி.சி. எஞ்சினை வைத்துத்தான்.

முதலில் எஞ்சினின் உடல்நிலை

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கையோ வால்வையோ முதலில் சரி செய்யுங்கள். கசிகிற எஞ்சினில் ரேஷியோவைக் கூட்டி ஒரு பயனும் இல்லை.

கணக்கு

போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 68.5 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 72 மி.மீ. ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவு 265.3 சி.சி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடம்தான் கிளியரன்ஸ் வால்யூம். ஹெட்டின் குழி, ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டின் தடிமன், பிஸ்டன் தலையின் பள்ளம் எல்லாம் சேர்ந்தது அது. இரண்டையும் கூட்டி, கிளியரன்ஸ் வால்யூமால் வகுத்தால் ரேஷியோ வரும்.

8.7 என்றால் மேலே இருப்பது சுமார் 34.5 சி.சி. 9.2 வேண்டுமென்றால் அது 32.4 ஆக இறங்க வேண்டும். ஆக 2.1 சி.சி.யைக் குறைக்க வேண்டும். இது புத்தகக் கணக்கு. முன்னமே யாரோ ஒருவர் ஹெட்டைச் சீவியிருக்கலாம், அதனால் உங்கள் ஹெட்டை நீங்களே அளக்க வேண்டும்.

சிரிஞ்ச் வேலை

எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி இதுதான். கரியைச் சுத்தமாக எடுத்த ஹெட்டைக் கவிழ்த்து, குழி மேலே பார்க்கும்படி மட்டமாக வையுங்கள். வால்வுகளும் பிளக்கும் அதனதன் இடத்தில் இருக்கட்டும். வால்வு ஓரங்களில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கசியாதபடி செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஓட்டை போட்ட தடித்த அக்ரிலிக் துண்டை, அதுவும் கிரீஸ் பூசி, குழியின் மேல் ஒட்டுங்கள். 10 சி.சி. சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து ஓட்டை வழியே நிரப்புங்கள். கடைசிக் காற்றுக் குமிழி வெளியே வரும் வரை ஹெட்டை இப்படியும் அப்படியும் லேசாகச் சாய்க்க வேண்டியிருக்கும். மொத்தம் எத்தனை சி.சி. உள்ளே போனதோ அதுதான் குழியின் அளவு. மூன்று குழியையும் அளந்து எழுதிவையுங்கள்.

எவ்வளவு சீவுவது என்பதையும் இதே முறையில் கண்டுபிடிக்கலாம். அக்ரிலிக்கை எடுத்துவிட்டுக் குழியைத் துடைத்து, மொத்த அளவில் 2.1 சி.சி. குறைத்து ஊற்றுங்கள். ஹெட்டின் முகத்திலிருந்து மண்ணெண்ணெய் மட்டம் வரை வெர்னியர் காலிப்பரின் வாலை இறக்கிப் பாருங்கள். அந்த ஆழம்தான் சீவ வேண்டிய அளவு. குழியின் வாய் 30 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 0.7 மி.மீ. வரும்.

என்னைக் கேட்டால் 0.7 அதிகம். 0.4 மி.மீ.யில் நிறுத்திக்கொள்வேன், அப்போது ரேஷியோ 9.0. அதே சமயம் ரீபோர் செய்து (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி) 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதாக இருந்தால் சிலிண்டரின் கொள்ளளவு 269 சி.சி. ஆகி, கூடுதலாக ஒன்றும் சீவாமலே ரேஷியோ 9.1-ஐத் தொடும். எப்படியானாலும் சர்வீஸ் மேனுவலில் உள்ள குறைந்தபட்ச ஹெட் உயரத்துக்குக் கீழே போகாதீர்கள். சீவிய அலுமினியம் திரும்ப வராது.

லேத் பட்டறை

‘ஹெட் ஃபேசிங்’ என்று சொன்னால் போதும், ஆனால் அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பட்டறையிலிருந்து வந்ததும் ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள், 0.05 மி.மீ. பட்டை எங்கும் நுழையக் கூடாது. குழியின் ஓரம் இப்போது கத்தி போலக் கூராக இருக்கும். அதை எமரித் தாளால் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பு பழுக்கக் காய்ந்து, பிளக் தீப்பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

பூட்டும்போது

பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை வைத்து, டைமிங் பெல்ட்டை மாட்டிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். திறந்து பார்த்தால் வால்வு பதிந்த தடம் இருக்கும். மிச்சக் களிமண்ணின் தடிமன் இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருந்தால் கவலையில்லை. குறைந்தால் நிறுத்திவிட்டு விவரமான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அப்புறம் புதுக் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள்.

பெட்ரோல்

பிளக் பற்றவைத்த தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் இன்னும் எரியாத கலவை நசுங்கிச் சூடேறித் தானாக வெடிப்பதுதான் நாக்கிங். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது மாதிரிக் கேட்கும். அதைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவதுதான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்த அளவுகோல் அது. எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்பது தப்பு. ஒன்றும் மாற்றாத 800-இல் 100 ஆக்டேன் உள்ள எக்ஸ்.பி.100 பெட்ரோலை ஊற்றினால் காசுதான் எரியும்.

நம் ஊரில் சாதாரண பெட்ரோலுக்கு வெகுகாலம் குறைந்தபட்சம் 91 ஆர்.ஓ.என். (ஆக்டேன் எண்ணை அளக்கும் ஒரு முறை) என்றிருந்தது. 9.0-க்கு, டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) சரியாக இருந்தால், அதுவே போதும். 9.2 தாண்டினால் எக்ஸ்.பி.95 போன்றதை யோசித்துவைக்கலாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் நாக்கிங்கை நன்றாகவே தடுக்கும். ஆனால் கார்ப்பரேட்டரில் கலவை மெலியும் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது), பழைய ரப்பர் குழாய்கள் கெட்டுப்போகும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்குங்கள், குழாய்களை மாற்றிவிடுங்கள்.

“ஜப்பானில் மஸ்தா 2011-லேயே டெமியோவில் 14 ரேஷியோ வைத்துச் சாதாரண பெட்ரோலில் ஓட்டியதே?” என்று கேட்கலாம். அது சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சி, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் எஞ்சின். நம் 800-இல் நாக் சென்சார் உங்கள் காதுதான்.

டைமிங், சோதனை ஓட்டம்

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை மேனுவல் சொல்வதைவிட 2 டிகிரி தாமதமாக வைத்துத் தொடங்குங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறிய மதியத்தில், ஒரு மேம்பாலத்தில் நான்காம் கியரிலேயே 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக மிதியுங்கள். சத்தம் இல்லையென்றால் ஒவ்வொரு டிகிரியாக முன்னே கொண்டு வாருங்கள். கேட்டதும் 2 டிகிரி பின்வாங்கிப் பூட்டிவிடுங்கள். இந்தச் சோதனையை ஊட்டியில் செய்யாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு, அங்கே நாக்கிங் ஒளிந்துகொள்ளும். சென்னைக்கு இறங்கியதும் மே மாதத்தில் தலைகாட்டும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பாகவோ, மினுக்கும் அலுமினியத் துகளாகவோ ஏதாவது ஒட்டியிருந்தால், காதில் விழாமலே நாக்கிங் நடக்கிறது என்று அர்த்தம். இன்னும் 2 டிகிரி குறையுங்கள், அடுத்த தடவை 95 போடுங்கள்.