உறைவிந்துக் குச்சியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எப்படி?

நுண்ணோக்கியில் பார்த்தால் விந்தணு ஜோராக நீந்தும், உருவத்திலும் குறை இருக்காது. ஆனால் சினை ஊசி போட்ட மாடுகள் மறுபடி மறுபடி பருவத்துக்கு வரும். ஃபிளெக்ஃபீ இனக் காளைகளில் இதற்கு டி.எம்.இ.எம்.95 மரபணுவில் உள்ள ஓரெழுத்து மாற்றம் ஒரு காரணம் என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் மாற்றம் இருக்கும் காளை கிட்டத்தட்ட மலடுதான். இதை டி.என்.ஏ.வில்தான் பார்க்க முடியும். சென்னை மாதவரம் பக்கம் ப்ராஜெக்ட் செய்ய வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) நடத்தத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உறைவிந்து அடைத்த 0.25 மி.லி. குச்சியை (ஸ்ட்ரா) நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்து, 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி வையுங்கள். காளை எண்ணைக் குறித்துக்கொண்டு, ஈரம் துடைத்து, முனையை வெட்டி ட்யூபில் இறக்குங்கள்.

அடுத்தது கழுவுதல். விந்தோடு முட்டை மஞ்சள் கரு, கிளிசரால் எல்லாம் கலந்திருக்கும். 1 மி.லி. பி.பி.எஸ். (உப்புத் தாங்கல் கரைசல்) ஊற்றி, மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை எடுத்துவிடுங்கள். மஞ்சள் நிறம் போகும்வரை திரும்பச் செய்யுங்கள்.

இப்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ரத்தத்துக்குச் சரிவரும் எஸ்.டி.எஸ். (சோப்பு மாதிரியான பொருள்), புரோட்டினேஸ் கே (புரதத்தை அரிக்கும் நொதி) கலவையை மட்டும் போட்டால் வால் கரையும், தலை அப்படியே நிற்கும். விந்தணு டி.என்.ஏ.வைப் புரோட்டமின் என்ற புரதம் இறுக்கிக் கட்டியிருக்கிறது; அந்தக் கட்டுக்கு டைசல்பைடு பிணைப்புதான் பூட்டு. அதைத் திறக்க டி.டி.டி. (DTT, டைதையோதிரைட்டால்; பூச்சிமருந்து DDT அல்ல) வேண்டும். 500 மைக்ரோலிட்டர் எஸ்.டி.எஸ். கரைசலுக்கு 1 மோலார் டி.டி.டி. 20 மைக்ரோலிட்டர், அப்புறம் புரோட்டினேஸ் கே (மில்லிலிட்டருக்கு 20 மி.கி. கரைசல்) 10 மைக்ரோலிட்டர். 56 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் அடியில் படிவு எதுவும் தெரியாது. பிப்பெட் முனையைத் தூக்கினால் கரைசல் நூலாக இழுபடும். இழுபடவில்லையா? இன்னும் கொஞ்சம் டி.டி.டி. சேர்த்து இரண்டு மணி நேரம் பொறுங்கள். குற்றப் புலனாய்வு ஆய்வகங்கள் விந்தணுத் தலையின் இதே பிடிவாதத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன: டி.டி.டி. இல்லாமல் மற்ற செல்களை முதலில் கரைத்து நீக்கிவிட்டு, மிஞ்சும் விந்தணுவைத் தனியாகக் கரைப்பார்கள்.

டி.டி.டி. காற்றுப் பட்டால் கெடும். சின்னச் சின்ன ட்யூபில் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். சென்னை வெயிலில் மேஜைமேல் விட்ட ட்யூபை நம்ப வேண்டாம். ட்யூப் எல்லாம் நைனியப்ப நாயக்கன் தெருவில் தாராளமாக வாங்கலாம். டி.டி.டி. மட்டும் சீல் உடையாத பாட்டில், தேதி பார்த்து. இரவு முழுக்கச் சூட்டில் வைக்க வாட்டர் பாத்தை விட டிரை பாத் (தண்ணீருக்குப் பதில் உலோகக் கட்டையைச் சூடாக்கும் கருவி) நல்லது, விடிவதற்குள் தண்ணீர் வற்றுகிற கவலை இல்லை.

மீதி வழக்கம்போல்தான்: பீனால்-குளோரோஃபார்மால் புரதத்தைப் பிரித்து, குளிர்ந்த எத்தனாலில் டி.என்.ஏ.வைப் படியவைப்பது. எனக்குக் காலம் (column) வைத்த ரெடிமேட் கிட்டைவிட இதுதான் பிடிக்கும், செலவும் குறைவு. குச்சியில் 2 கோடி விந்தணு இருந்தால், ஒன்றுக்குச் சுமார் 3 பிகோகிராம் வீதம் மொத்தமே 60 மைக்ரோகிராம்தான். கையில் வருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும், பி.சி.ஆருக்கு அது தாராளம்.

பின்சேர்க்கை: "எங்கள் காங்கேயம் காளைக்கு டி.எம்.இ.எம்.95 சரியாக இருக்கிறது, அப்போ நல்ல காளைதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படிச் சொல்ல முடியாது. அந்த மாற்றம் ஃபிளெக்ஃபீயில் கண்டது. காங்கேயத்தில் குறை வேறு மரபணுவில் இருக்கலாம். ஆர்.என்.ஏ. எடுக்கப்போகிறவர்களுக்கு இன்னொன்று: விந்தில் கலந்திருக்கும் வெள்ளையணுவை முதலில் கரைத்து நீக்குங்கள். விந்தணுவில் ஆர்.என்.ஏ. மிகக் கொஞ்சம், நாலு வெள்ளையணு இருந்தாலே முடிவு மாறிவிடும்.