அருங்காட்சியக நிபுணரைத் திரையில் அழைக்கிறீர்களா? நாங்கள் பண்ணிய தப்பை நீங்கள் பண்ணாதீர்கள்

மலேசியாவில் எங்கள் பட்டர்வொர்த் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்துக்கு அருங்காட்சியக ஆட்களை ஸூமில் அழைத்து வருகிறோம். முதல் அழைப்பே சொதப்பல். அமெரிக்க நிபுணர் ஒருவரிடம் பிப்ரவரியில் பேசி, அவருக்கு இரவு 7 மணி, நமக்குக் காலை 8 என்று முடிவு செய்தோம். மார்ச்சில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், நாம் எதையும் தொடுவதில்லை. ஆக நாங்கள் 8 மணிக்குத் திரையைத் திறந்தபோது அவர் காத்திருந்துவிட்டுப் போயிருந்தார். மின்னஞ்சலில் இரண்டு ஊர் மணியையும் எழுதுங்கள். லண்டன் என்றால் நம் பள்ளி நேரத்துக்கு ஒத்தே வராது, அங்கே காலை 10 மணி நமக்கு மாலை 5 அல்லது 6, பிள்ளைகள் டியூஷனில் இருப்பார்கள். சிங்கப்பூருக்கு இந்தத் தலைவலி இல்லை, அதே மணிதான்.

சரி, அதைவிடப் பெரிய தப்பு, வந்தவரை ஸ்லைடு போட்டு நாற்பது நிமிடம் பேசவிடுவது. பாடநூலில் இருப்பதைச் சொல்ல அவர் எதற்கு, நாங்கள் இருக்கிறோமே! அவரிடம் மட்டும் இருப்பது அலமாரியில் உள்ள பொருளும், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கான பதிலும்தான்.

போன முறை தொல்லியல் படித்த ஒருவரை அழைத்தோம். பேச்சு குவார் கெப்பா பற்றி, நம் செபெராங் பிறையிலேயே உள்ள சிப்பிமேடு, அதாவது பழங்காலச் சிப்பி ஓடுகள் குவிந்த இடம், 2017இல் 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்த பழங்கால எலும்புக்கூடு கிடைத்ததும் அங்கேதான். பிள்ளைகளை வீட்டிலிருந்து கெராங் (நாம் சமைத்துத் தின்னும் சிப்பி) ஓடு கொண்டுவரச் சொல்லியிருந்தேன் (ஒருத்தன் கழுவாமலே கொண்டு வந்துவிட்டான், வகுப்பு முழுக்க நாற்றம்). அவர் ஓர் ஓட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்து, "இந்தக் குவியலை மனிதர் போட்டாரா, கடல் ஒதுக்கியதா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் முன்வரிசைப் பையன், "சின்னது இருக்கா சார்? எங்கம்மா சந்தையில பெருசாத்தான் பொறுக்குவாங்க" என்றான். கடல் என்றால் பொடியும் பெரிதும் உடைந்ததும் கலந்து ஒதுக்கும், மனிதர் தின்றது என்றால் பெரும்பாலும் தின்னத் தகுந்த அளவில் இருக்கும், கூடவே கரி, எலும்பு, கல் ஆயுதம் கிடைக்கும் என்று அவர் அதையே பிடித்துக்கொண்டு போனார். அந்த அமைதியில் நான் வாய் திறந்து விடையை எடுத்துக் கொடுத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். ஆசிரியர்களுக்கு அது கஷ்டம்தான், எனக்கும்தான்.

மொழி இன்னொரு வம்பு. அவர் ஆங்கிலத்தில் "மஸல்" என்று சிப்பியைச் சொல்ல, ஒரு பையன் கையை மடக்கித் தசையைக் காட்டினான்! வரி வரியாக மொழிபெயர்த்தாலும் வேலைக்காகாது, நேரம் இரட்டிப்பாகி ஆர்வம் போய்விடும். முந்தின நாளே பத்துச் சொற்களைச் சொல்லிக்கொடுங்கள், கேள்வியைத் தமிழிலேயே கேட்கவிட்டு நீங்கள் கடத்திவிடுங்கள். கேள்விகளை முன்கூட்டியே திரட்டி, கூகுளில் தேடினால் கிடைக்கிற விடை என்றால் அடித்துவிடுங்கள். பேசும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை, மடிக்கணினி மைக்கில் அந்த இரைச்சல்தான் முதலில் போகும்.

அழைப்பு முடிந்ததும் மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல அடுத்த பாடத்துக்குத் தாவுவதும் தப்புத்தான். குவார் கெப்பாவில் 1930களில் தோண்டிய எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயின என்று அவர் சொல்லியிருந்தார். மறுநாள் பின்வரிசைப் பெண், "நம்ம ஊர் எலும்பு அங்க எதுக்கு டீச்சர்?" என்றாள். பதில் சொல்லாமல் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த அழைப்பு அங்கேதான். லைடனுக்கும் நமக்கும் கோடையில் 6 மணி நேரம், குளிர்காலத்தில் 7. இந்த முறை முதலில் அதைத்தான் குறித்துக்கொண்டேன்.