மக்காச்சோளக் காட்டுக் குட்டையில் தலைப்பிரட்டையைக் கவனிப்பது எப்படி?

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளத்தைப் புரட்டாசி மழையை நம்பித்தான் விதைக்கிறோம். விதைத்த சில நாளிலேயே அட்ரசின் களைக்கொல்லி அடிப்பவர்கள் அதிகம். அதே மழைக்குத்தான் தேரையும் தவளையும் குட்டையில் முட்டையிடுகின்றன. பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன், வீட்டில் சோளக்காடும் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கவலை.

செத்து மிதக்கும் தலைப்பிரட்டையைத் தேடிப் போகாதீர்கள். அட்ரசின் ஹார்மோனைக் குழப்பும் என்ற சந்தேகம் உண்டு. அப்படிப்பட்ட ரசாயனம் குறைந்த அளவில் கொல்வதில்லை, வளர்ச்சியைத்தான் தடுமாற வைக்கிறது. கால் முளைப்பதும் வால் சுருங்குவதும் தைராய்டு ஹார்மோனின் வேலை. 1912-இல் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி தைராய்டுத் துண்டுகளையே தீனியாகப் போட்டு, தலைப்பிரட்டைகளைக் காலத்துக்கு முன்பே பொடித் தவளைகளாக்கிக் காட்டினார். பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட் இதற்கு நேர்மாறு: தைராய்டுக்கு அயோடின் போகவிடாது, மாற்றம் தள்ளிப்போகும்.

தேரை முட்டை புல்லில் சுற்றிய வழவழப்பான சரமாக, உள்ளே கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். பார்த்த தேதியைக் குறித்துவையுங்கள். வாரம் ஒருமுறை, குட்டைத் தண்ணீரோடு சேர்த்தே சில தலைப்பிரட்டைகளை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பாருங்கள். கையில் சோப்போ கொசு கிரீமோ இருக்கக் கூடாது. வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் கடுகளவு மொட்டு தெரிந்தால் அதுதான் பின்னங்கால். அப்புறம் விரல் பிரியும், முட்டி மடங்கும். முன்னங்கால் தோலுக்கு அடியிலேயே முழுசாக வளர்ந்து, ஒருநாள் முழங்கை முதலில் துருத்திக்கொண்டு வெளியே வரும். பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திவிடும், அதை ஊனம் என்று நினைக்க வேண்டாம். பார்த்ததும் அதே குட்டையில் விடுங்கள்; வேறு குட்டைக்கு மாற்றினால் நோயும் கூடவே போகும்.

காட்டுத் தண்ணீர் வடியும் குட்டை ஒன்று, வடியாத குட்டை ஒன்று, இரண்டையும் ஒரே இனத்தை வைத்து ஒப்பிடுங்கள். குளிர், நெரிசல், தீனிக் குறைவு எல்லாமே வளர்ச்சியைத் தாமதமாக்கும். காலில் கோளாறு புழு ஒட்டுண்ணியாலும் வரும். எனவே ஒரு வருஷக் குறிப்பை மட்டும் வைத்து மருந்தின் மேல் பழி போடாதீர்கள்.

ஹார்மோன் கெடுவதால் வரும் ஆண் பெண் குழப்பம் வெளியே தெரியாது. கலிஃபோர்னியாவில் டைரோன் ஹேய்ஸ் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம் அட்ரசினில் வளர்ந்த ஆண் நகத்தவளைகளில் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஆப்பிரிக்கத் தவளை இனம்) பத்தில் ஒன்று பெண்ணாகவே மாறியது. சில முட்டையும் இட்டன. எல்லா ஆய்விலும் இதே முடிவு வரவில்லைதான். ஆனாலும் இவ்வளவு சொற்ப அளவே இப்படிச் செய்யலாம் என்பதால் நான் அசட்டையாக இருக்க மாட்டேன்.

சரி, காட்டில் என்ன செய்யலாம்? மழை மூட்டமாக இருந்தால் அன்றைக்குத் தெளிப்பை நிறுத்துங்கள். குட்டையைச் சுற்றி அகலமாகப் புல்வரப்பு விட்டு, அந்தப் பகுதிக்குக் கைக்களை எடுங்கள். தெளித்த டேங்க்கைக் குட்டையிலும் வாய்க்காலிலும் கழுவவே கழுவாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடித்த தேதியையும் கேட்டு, முட்டைத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.